கண்ணாடிக்குள் காகித மனுஷன்!

2015 பிப்ரவரி. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணி. ஒரு கையில் இட்லி, மறு கையில் செல்போன். பஸ் பாஸைத் தேட மூன்றாவதாக ஒரு கை இல்லையே என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, நியூஜெர்சியில் சாஃப்ட்வேர் பார்க்கும் நண்பனிடமிருந்து ஒரு போட்டோ வந்து விழுந்தது. அவனுக்கு அங்கே வியாழக்கிழமை ராத்திரி.

போட்டோவில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டி. உள்ளே ஏதோ கோடு கோடாக. மற்றபடி காலி.

'என்னடா இது, மீன் விடாத மீன் தொட்டியா?' என்று கேட்டேன்.

'ஸாரி, தப்பான பக்கத்துல நின்னு எடுத்துட்டேன். இரு.'

ரெண்டு நிமிஷத்தில் அடுத்த போட்டோ. அதே கட்டி, அதே ஹால். ஆனால் இப்போது கண்ணாடிக்குள் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான்!

தலை, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் அளவெடுத்தது மாதிரி இருந்தது. தோல் மட்டும் இல்லை. தோலுக்குப் பதிலாகக் காகிதம். விரலால் இழுத்துப் பெரிசு பண்ணிப் பார்த்தால் பூ, பறவை, யந்திரம், எறும்பு சைஸில் மனிதர்கள். எல்லாமே எங்கிருந்தோ கத்தரித்து எடுத்த துண்டுப் படங்கள். ஆயிரக்கணக்கான துண்டுகள் சேர்ந்து ஒரு ஆள் ஆகியிருந்தன. கொஞ்சம் நகர்ந்து பக்கவாட்டில் போய் நின்றால் அந்த ஆள் அப்படியே கரைந்துபோகிறான். நண்பன் முதலில் எடுத்தது அந்த மறைந்த போஸைத்தான்.

இட்லி ஆறிப்போனது. பஸ்ஸும் போனது.

இடம், நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் உள்ள டேவிட் கோச் தியேட்டர். நியூயார்க் சிட்டி பாலே கம்பெனியின் ஆஸ்தான மேடை. பாலே என்றால் கட்டை விரல் நுனியில் நின்று ஆடுவார்களே, அது. நம் நண்பனுக்கும் பாலேவுக்கும் ஸ்நானப் ப்ராப்தி கிடையாது. மனைவி இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போனதற்கு ஒரு காரணம், அன்றைக்கு எந்த ஸீட்டானாலும் 29 டாலர்தான். பாலே பக்கமே தலைவைத்துப் படுக்காத இளவட்டங்களை உள்ளே வரவழைக்க அந்தக் கம்பெனி 2013இலிருந்து ஒரு வேலை செய்துவந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு சிற்பியையோ ஓவியரையோ கூப்பிட்டு ஹாலை ஒப்படைத்துவிடுவது. 2014இல் வந்த ஜே.ஆர். என்ற பிரெஞ்சுக்காரர், நடனக்காரர்களைப் படமெடுத்துப் பிரம்மாண்டமான ஒரு கண்ணாக ஹாலின் தரை முழுக்க ஒட்டிவைத்தார். 2015இல் முறை டஸ்டின் யெல்லினுக்கு. அவர் கொண்டுவந்து நிறுத்தியது பதினைந்து கண்ணாடி மனிதர்கள்.

யெல்லின் 1975இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஹைஸ்கூலைப் பாதியில் விட்டவர். (இந்த இடத்தைத் தம்பி தங்கைகள் படிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.) ஆரம்பத்தில் ரெசினை ஊற்றி, காய்ந்ததும் அதன்மேல் வரைந்து, மறுபடி ஊற்றி, மறுபடி வரைந்து என்று அடுக்கடுக்காகச் செய்துகொண்டிருந்தார். ரெசின் நெடி உடம்புக்கு ஆகாது. விஷம். அதனால் கண்ணாடிக்கு மாறினார்.

செய்கிற விதத்தைச் சொன்னால் ஒரு வரிதான். கண்ணாடித் தகடு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படத்துண்டுகளை ஒட்டி, பெயின்ட்டும் தொட்டு, அப்புறம் தகடுகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி ஒரே கட்டியாக ஒட்டிவிட வேண்டியது. மூக்கு நுனி முன்னால் ஒரு தகட்டில் என்றால், காது அதற்குப் பல தகடுகள் பின்னால். சி.டி. ஸ்கேனில் முழு மனுஷனைத் துண்டு துண்டுப் படமாக எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள் அல்லவா? யெல்லின் ரிவர்ஸ் கியரில் போகிறார். துண்டுகளை வைத்துக்கொண்டு மனுஷனைச் செய்கிறார். பக்கவாட்டில் போனால் ஆள் மறைகிற ரகசியமும் இதுதான். காகிதத்துக்கு முகம் உண்டு, கனம் கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால் நமக்குத் தெரிவது காகிதத்தின் விளிம்பு மட்டும். அதாவது கோடுகள்.

ஒரு வரியில் சொல்லிவிட்டேனே தவிர, செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு கண்ணாடிப் பரப்பில் வெளிச்சம் பட்டால் சுமார் நாலு சதவிகிதம் திரும்பிப் போய்விடும். தகடு ஒன்றுக்கு முன்னால் ஒரு பரப்பு, பின்னால் ஒரு பரப்பு. முப்பது தகடுகளைச் சும்மா அடுக்கினால் அறுபது பரப்பு. நூறு ரூபாய் வெளிச்சம் உள்ளே போனால் அறுபது இடத்தில் நாலு நாலு சதவிகிதமாகப் பிடித்தம் ஆகும். கூட்டு வட்டிக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கடைசியில் கைக்கு வருவது எட்டரை ரூபாய் சொச்சம்! மாச சம்பளம் மாதிரிதான். முன்னால் நிற்கிறவனுக்குப் பின்பக்கத்துக் காது தெரியவே தெரியாது.

அதனால்தான் தகடுகளுக்கு நடுவில் காற்றே இல்லாமல் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஒட்டுகிற பசையும் கண்ணாடியும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பதாக இருந்துவிட்டால், பிடித்தம் கிட்டத்தட்ட ரத்து. நம்பிக்கை இல்லாதவர்கள் போட்டோ ஃபிரேம் கண்ணாடி ரெண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் பரவிய இடம் சட்டென்று தெளிந்துவிடும். (கண்ணாடி உடைந்தால் கம்பெனி பொறுப்பல்ல.)

அடுத்தது எடை. ஒவ்வொரு கண்ணாடி மனிதனும் சுமார் 3,000 பவுண்டு. நம் கணக்கில் 1,360 கிலோ. இரண்டு மாருதி 800 காரை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்த கனம். மொத்தம் பதினைந்து ஆள், அதாவது முப்பது மாருதி. உள்ளே மேடையில் ஒரு பெண் கட்டை விரலில் நின்று பூமியைத் தொடாத மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறாள். வெளியே ஹாலில் இருபது டன் கண்ணாடி, காற்றில் காகிதம் மிதக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு நிற்கிறது. இரண்டுமே பொய். இரண்டுமே பார்க்க ஜோராக இருக்கிறது.

பதினைந்தோடு விடுகிற ஆசாமி இல்லை யெல்லின். மொத்தம் நூற்றிருபது ஆள் செய்வதாகத் திட்டம். சீனாவில் 1974இல் குடியானவர்கள் கிணறு தோண்டப் போய், மண்ணுக்குள்ளிருந்து ஒரு ராஜாவின் சுடுமண் சேனையே கிளம்பியதல்லவா? அதுதான் இதற்கு முன்மாதிரி. இந்தத் தொடருக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'சைக்கோஜியோகிரஃபீஸ்'. மனப் பூகோளங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை அவருடையது அல்ல. ஒரு தெருவில் நடக்கும்போது அந்தத் தெரு நம் மனசை என்ன பாடுபடுத்துகிறது என்று ஆராய்வதற்கு 1955இல் பாரிஸில் கீ தெபோர் என்பவர் எழுத்தில் கொண்டுவந்த வார்த்தை அது. யெல்லின் தெருவை விட்டுவிட்டு ஆளுக்குள்ளேயே நடக்கப் போய்விட்டார்.

அந்த ஆளுக்குள் இருப்பதெல்லாம் என்ன? பழைய புத்தகம். பழைய பத்திரிகை. யாரும் புரட்டாத என்சைக்ளோபீடியா. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கம் அடுத்த மாதம் எந்தக் கடைத் தராசில் ஏறப்போகிறதோ, அந்த ஜாதி.

* * *

போட்டோவை அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே, எட்ட, மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தார். நான் சொன்ன யெல்லின், லிங்கன் சென்டர், 29 டாலர் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நம்ம நோட்டெல்லாம் எங்கடா வச்சிருக்க?"

இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். தொண்ணூறுகளில், நான் டிராயர் போட்ட காலத்தில், எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல், அப்புறம் அப்பாவின் கத்தரிக்கோல். அந்த வாரம் வந்த பத்திரிகைகளையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்காருவார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்ட பசை ஒரு கிண்ணத்தில். கோபுரம், கப்பல், ராக்கெட், யானை, யாரோ ஒரு ராணி எது கிடைத்தாலும் நறுக்கு, நறுக்கு. ஆபீஸில் கழித்துக்கட்டின பழைய பேரேடுகளில் அதை ஒட்டுவார். வரிசைக் கிரமமாக ஒட்டினால் ஆல்பம் என்று சொல்லிவிடலாம். அவர் அப்படி ஒட்ட மாட்டார். கோபுரத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்துக்கு ராக்கெட். யானை முதுகில் கப்பல். ராணியின் மடியில் ஏதோ ஒரு ரயில் எஞ்சின். "ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டால், "நல்லா இருக்குல்ல?" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

இதில் நஷ்டம் அம்மாவுக்கு. படத்தை வெட்டினால் பின்பக்கத்துத் தொடர்கதை போய்விடும் அல்லவா? கதாநாயகி நடு ராத்திரியில் கதவைத் திறந்திருப்பாள். வாசலில் நிற்பது யார் என்று படிக்கப் போனால் அங்கே கப்பல் வடிவத்தில் ஒரு ஓட்டை இருக்கும். "இந்த வீட்ல எந்தக் கதை முழுசா முடிஞ்சிருக்கு?" என்று அம்மா சொன்னது தொடர்கதையை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மொத்தம் பதினோரு பேரேடு.

"லாஃப்ட்ல இருக்குப்பா" என்றேன்.

பொய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

* * *

அன்றைக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. (மற்ற நாளில் ஓடுகிற மாதிரி மானேஜர் நினைக்க வேண்டாம்.) யெல்லினைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, ஒன்றைத் தொட்டு ஒன்றாக எங்கெங்கோ போய், கடைசியில் இன்னொரு நியூயார்க்காரரிடம் வந்து நின்றேன். நகர மனசில்லாமல் அங்கேயே நின்றுவிட்டேன். பெயர் ஜோசஃப் கார்னெல். இன்றைக்கு மோட்டார் பைக்கில் பை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் சேல்ஸ் ரெப்கள் எல்லோரும் பூஜையறையில் படம் மாட்ட வேண்டிய ஆள்!

1903இல் பிறந்தவர். பதினாலு வயசுக்குள் அப்பா காலி. வீட்டுக்கு மூத்த பையன். பள்ளிக்கூடப் படிப்பு முடிந்தும் டிப்ளமா வாங்கவில்லை. 1921இல் கம்பளித் துணி மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் ஸேல்ஸ்மேனாகச் சேர்ந்து, சாம்பிள் துணிகளைத் தூக்கிக்கொண்டு மன்ஹாட்டன் தெருக்களில் பத்து வருஷம் நடந்தார். கூச்ச சுபாவம். ஸேல்ஸ்மேனுக்குக் கூச்சம் என்றால் ஆர்டர் எந்த லட்சணத்தில் வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு கஸ்டமருக்கும் அடுத்த கஸ்டமருக்கும் நடுவில் பழைய புத்தகக் கடை, பழைய சாமான் கடைகளில் நுழைந்துவிடுவார். ஒரு படம், ஒரு வரைபடம், ஒரு நடனக்காரியின் போட்டோ என்று ஏதாவது பையில் ஏறும். 1931இல், பொருளாதாரம் படுத்த நேரத்தில், அந்த வேலையும் போய்விட்டது.

வீடு க்வீன்ஸ் பகுதியில். தெருவின் பெயர் யூட்டோப்பியா பார்க்வே. கனவுலகச் சாலை! மரத்தால் கட்டிய சாதாரண வீடு. அம்மா, பிறவியிலேயே மூளை வாதத்தால் முடங்கிய தம்பி ராபர்ட், இவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பகலில் பிழைப்பு. ராத்திரி அம்மாவும் தம்பியும் தூங்கினதும் சமையலறை மேஜையில் கத்தரிக்கோல், பசை. 1931இல் ஒரு காலரியில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன்காரர் பழைய புத்தகப் படங்களை வெட்டி ஒட்டிச் செய்திருந்த கொலாஜைப் பார்த்திருக்கிறார். ஓஹோ, இதை ஆர்ட் என்று ஒத்துக்கொள்கிறார்களா என்று தைரியம் வந்துவிட்டது. 1932 ஜனவரியில் அதே காலரியில் இவர் செய்தவையும் தொங்கின. முறைப்படி வரையக் கற்றுக்கொண்டவர் இல்லை. ஒட்டத் தெரிந்தவர். 1912இல் பிக்காஸோவும் பிராக்கும் காகிதத்தை ஓவியத்தில் ஒட்டி ஆரம்பித்து வைத்த சமாசாரம் அது. கொலாஜ் என்ற பிரெஞ்சு வார்த்தைக்கே ஒட்டுதல் என்றுதான் அர்த்தம்.

ஆனால் கார்னெலின் சொந்தச் சரக்கு கொலாஜ் அல்ல, பெட்டி. மரத்தில் ஆழமில்லாத ஒரு பெட்டி, முகப்பில் கண்ணாடி. உள்ளே காகிதத்தில் வெட்டின ஒரு கிளி, ஒரு வானத்து வரைபடம், ஒரு குட்டி மதுக் கிண்ணம், ஒரு கோலிக்குண்டு. பாதிப் பெட்டி காலியாக இருக்கும். எனக்கு யெல்லினைவிட இவரைக் கூடுதலாகப் பிடிப்பதற்கு அந்தக் காலி இடம்தான் காரணம். யெல்லினின் மனுஷனுக்குள் மூச்சுவிட இடமில்லை. பார்க்கப் பார்க்கப் புதுசு புதுசாகக் கிடைக்கிறது, வாஸ்தவம். பொருட்காட்சிக்குப் போய்வந்த மாதிரி காலும் வலிக்கிறது. கார்னெல் நாலே சாமானை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். மிச்சத்தை நாம் வைக்க வேண்டும்.

இவருக்கும் பாலே பைத்தியம் உண்டு. எண்பது வருஷத்துக்கு முன்னால் அந்த 29 டாலர் டிக்கெட் கிடைத்திருந்தால் தினமும் போயிருப்பார். மேரி தாக்லியோனி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பாலே ராணி. 1835இல் ரஷ்யாவில் பனிக்காலத்து ராத்திரியில் அவள் வண்டியைக் கொள்ளைக்காரன் ஒருத்தன் மறித்தானாம். பனியின் மேல் சிறுத்தைத் தோலை விரித்து, 'ஆடு' என்றானாம். ஆடினாளாம். அந்த ராத்திரியின் ஞாபகமாக நகைப்பெட்டியில் ஒரு ஐஸ் துண்டை வைத்துக்கொள்வது அவள் பழக்கம் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை. கார்னெல் 1940இல் அந்த நகைப்பெட்டியைச் செய்தார். வெல்வெட், ஒரு நெக்லஸ், வரிசையாகக் கண்ணாடிக் கட்டிகள். உருகாத ஐஸ்! நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்தில் இருக்கிறது. 1940 வரைக்கும் அவர் ஒரு துணி டிசைன் ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சினிமாக் கதையும் உண்டு. 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்று 1931இல் வந்த ஒரு சாதாரண ஹாலிவுட் படம். கார்னெல் அந்தப் பிரிண்ட்டைக் கண்டதுண்டமாக வெட்டி, கதையை எறிந்துவிட்டு, கதாநாயகி ரோஸ் ஹோபர்ட் வருகிற இடங்களாகப் பொறுக்கி ஒட்டி, நீலக் கண்ணாடி வழியாகத் திரையில் ஓட்டினார். (கதையை வெட்டி எறிவது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல.) 1936இல் அதைக் காட்டியபோது பார்வையாளர்களில் ஒருவர் சால்வடார் டாலி. பாதியில் எழுந்து, 'என் தலைக்குள் இருந்த ஐடியாவைத் திருடிவிட்டான்' என்று கத்தி ப்ரொஜெக்டரையே தள்ளிவிட்டார்! கார்னெல் மிரண்டுபோனார். அப்புறம் வெகு காலத்துக்கு யாருக்கும் சினிமா காட்டத் துணியவில்லை. யெல்லின் தன் கண்ணாடிக் கட்டிகளை உறைந்த சினிமா என்று சொல்வது உண்டு. டாலி உயிரோடு இருந்திருந்தால் அதற்கும் சண்டைக்கு வந்திருப்பார். நல்லவேளை, 1,360 கிலோவைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

1965இல் தம்பி போய்விட்டார். அடுத்த வருஷம் அம்மா. கார்னெல் அந்த வீட்டிலேயே இருந்தார். 1972 பிப்ரவரியில் நியூயார்க் கூப்பர் யூனியனில் ஒரு கண்காட்சி நடந்தது. பிரபல விமர்சகர்களுக்காகவோ கோடீஸ்வரர்களுக்காகவோ அல்ல, குழந்தைகளுக்காக. பெட்டிகளை வளர்ந்தவர்கள் குனிந்து பார்க்கிற மாதிரி, சின்னப் பசங்கள் கண் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். ஒயினுக்குப் பதில் செர்ரி கோலா, பிரவுனி. அந்த டிசம்பர் 29ஆம் தேதி கார்னெல் இறந்துபோனார்.

இறந்த பிறகு வீட்டில் என்ன இருந்தது? நிலவறை முழுக்கக் கத்தரித்த காகிதம். கோப்பு கோப்பாகப் படங்கள். அட்டைப் பெட்டிகள், அவற்றில் அவர் கையாலேயே எழுதின லேபிள்கள். 'ஆந்தைகள்.' 'கடிகார உதிரிகள்.' பெட்டிகளில் இடம் கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்த சாமான்கள். யாராக இருந்தாலும் ஒரு வண்டி பிடித்து அள்ளிப்போடச் சொல்லியிருப்பார்கள். அவருடைய தங்கையும் தங்கை புருஷனும் அப்படிச் செய்யவில்லை. அவ்வளவையும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க ஓவிய மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அதற்கென்றே ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. செய்து முடித்த சிற்பங்களுக்கு அல்ல ஸார். துண்டுக் காகிதத்துக்கு!

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

* * *

2012இல் நாங்கள் வீடு மாறினோம். அப்பா கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் அக்கா வீட்டில் இருந்தார். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. புது வீட்டில் லாஃப்ட் சின்னது. எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று முடிவு பண்ணும் அதிகாரம் முதல் தடவையாக என் கைக்கு வந்திருந்தது. காமர்ஸ் படித்த புத்தி. புத்தக மதிப்பு பூஜ்யம், ஸ்கிராப் மதிப்பு ஏதோ உண்டு என்று மனசுக்குள் என்ட்ரி போட்டுவிட்டேன்.

பழைய பேப்பர்காரர் வந்தார். பேரேடுகளின் காலிகோ அட்டையைப் பிய்த்துக் கீழே போட்டார். அட்டை எடையில் சேராதாம். பதினோரு தடவை அந்தச் சத்தம் கேட்டது. ஒன்றில் கோபுரமும் ராக்கெட்டும் இருந்த பக்கம் திறந்துகொண்டது. அவர் ஒரு விநாடி பார்த்துவிட்டு, "யார் ஸார் ஒட்டினது, சின்னப் பிள்ளைங்களா?" என்றார். நான் ஆமாம் என்றேன். பதினாலு கிலோ. கிலோ எட்டு ரூபாய். நூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்கு மத்தியானம் அதில் பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

அப்பா ஊரிலிருந்து வந்து மூணு வருஷம் கேட்கவே இல்லை. கண்ணாடி மனுஷனைப் பார்த்த அன்றைக்குத்தான் கேட்டார். அதற்கப்புறம் இன்னும் ஒரு தடவை. ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது நாற்காலியைக் காட்டி, "ஏறி எடுத்துடுவியா, நான் புடிச்சுக்கறேன்" என்றார். "பழைய பாத்திரமெல்லாம் மேல இருக்குப்பா, இன்னொரு நாள் இறக்கறேன்" என்றேன். சரி என்று நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டார். அவர் தெரிந்துகொண்டு விட்டாரா, இல்லை, நான் எடுத்துத் தருவேன் என்று இருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. 2019இல் இறந்துபோனார்.

யெல்லினுக்கு ப்ரூக்ளினில் ரெட் ஹுக் என்ற துறைமுகப் பகுதியில் பயனியர் வொர்க்ஸ் என்று ஒரு பெரிய கலைக்கூடம் உண்டு. 1866இல் ஆரம்பித்த ஒரு பழைய இரும்புப் பட்டறை. அதைத் தேடிப் பிடித்து வாங்கி, செப்பனிட்டு, 2012இல் திறந்தார். அதே வருஷம் அக்டோபரில் ஸாண்டி புயல். ரெட் ஹுக் முழுக்கக் கடல் தண்ணீர். கூடத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. இறைத்து, துடைத்து, மறுபடி நடத்த ஆரம்பித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் தேதியைத்தான் பார்த்தேன். 2012. அவருக்குப் புயல் வந்த வருஷம். எங்கள் வீட்டுக்கு வந்தது தராசு.

போன மாதம் அந்தப் பழைய தெருப் பக்கம் போக வேண்டியிருந்தது. பேப்பர் கடை அதே இடத்தில் இருக்கிறது. இப்போது மகன் பார்க்கிறார். எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. என்ன கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்பது போல, "வாங்கற பேப்பரெல்லாம் எவ்வளவு நாள் இங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம்கூட நிக்காது ஸார். குடோனுக்குப் போகும், அங்கேர்ந்து மில்லு. கூழாக்கி முட்டை அட்டை பண்ணிடுவாங்க. ஏன் ஸார், ஏதாவது சர்ட்டிஃபிகேட் மாறிப் போட்டுட்டீங்களா?"

"இல்லை, சும்மா."

அவர் என் தோளில் தொங்கின பையைப் பார்த்தார். அதிலிருந்து அந்த வாரப் பத்திரிகைகள் ரெண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அதைப் போடறீங்களா? கிலோ பன்னெண்டு."

"இன்னும் படிக்கலை" என்றேன்.